பென்ஷன் ரூபாயில், ஆசை கடலுக்கு அப்பால்

வாசகர் கேள்வி – பதில்

ஓய்வுக்குப் பிறகு செலவு குறைந்த ஏதாவது ஒரு வெளிநாட்டில் போய் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். சாயல்குடியில் ஆரம்பித்துத் தொண்டி வரைக்கும் கரையோரத்து ஊர்களிலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம் ஆட்களுக்குக் கடல் கடப்பது புதுசா என்ன, ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் சம்பாதிக்கப் போனார்கள், சேர்த்ததை ஊருக்கு அனுப்பினார்கள். இப்போது எழுதியிருப்பவர்கள் இங்கே சேர்த்ததை அங்கே கொண்டுபோய்ச் செலவழித்து வாழலாமா என்று கேட்கிறார்கள். பணம் போகிற திசை மாறினால் கணக்கும் மாறிவிடும். முப்பது வருஷம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விசா விதியும் நாணய மதிப்பும் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும் முன்பு அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று டாலரை 90 ரூபாயாகவும் மலேசிய ரிங்கிட்டை 21 ரூபாயாகவும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: உச்சிப்புளிப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். வயது 61. மாதம் 58,000 ரூபாய் பென்ஷன், வங்கியில் 38 லட்சம். பிள்ளைகள் சென்னையில். பினாங்கில் இருக்கும் என் சித்தப்பா மகன், "இங்கே வந்துவிடு, தமிழ் பேசியே காலத்தை ஓட்டலாம், செலவும் கம்மி" என்கிறான். மலேசியா சரிப்படாவிட்டால் இலங்கை எப்படி? ஊரில் இருக்கும் சொந்த வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

பதில்: சார், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்காதீர்கள். போவதென்று முடிவே எடுத்தாலும் இரண்டு வருஷத்துக்கு விற்காதீர்கள். பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள், இல்லை தெரிந்தவருக்கு வாடகைக்கு விடுங்கள்.

இனி மலேசியா. 'செலவு குறைந்த நாடு' என்ற பேச்சே டாலரிலும் பவுண்டிலும் பென்ஷன் வாங்குகிறவர்கள் நடுவில் பிறந்த பேச்சு. அவர்களுக்குப் பினாங்கு மலிவு, தாய்லாந்து மலிவு, நம் இராமேஸ்வரமும் மலிவுதான். நமக்கு வருவது ரூபாய். உங்கள் 58,000 அங்கே போய் இறங்கும்போது சுமார் 2,760 ரிங்கிட். அந்த நாட்டில் சட்டப்படி ஒரு தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அதாவது இங்கே ஊரில் மரியாதையாகக் கைநிறைய வாங்கும் பென்ஷன், அங்கே இரண்டு கடைநிலைத் தொழிலாளிகளின் சம்பளத்துக்குக்கூட வராது. அதில் வாடகை, மருந்து, வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க வரும் விமானச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அது மலிவு, ஏனென்றால் அவர் ரிங்கிட்டில் சம்பாதித்தவர். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கைச் சொல்கிறார்.

அடுத்தது விசா. மலேசியாவில் 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' என்று ஒரு திட்டம் 2002-லிருந்து இருக்கிறது. பழைய நாளில் நடுத்தர வசதி உள்ளவர்கள்கூட எட்டிப் பிடிக்கும் உயரத்தில்தான் இருந்தது. 2021-லும் அதற்குப் பிறகும் விதிகளை மாற்றிவிட்டார்கள். 2024-ல் வந்த முறைப்படி கீழ்த்தட்டான வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 டாலர் வங்கி வைப்பு வேண்டும், நம் பணத்தில் 1 கோடியே 35 லட்சம். அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டில், அதாவது சுமார் 1 கோடியே 26 லட்சத்தில், வீடும் வாங்க வேண்டும், அதைப் பத்து வருஷம் விற்கக்கூடாது. இத்தனைக்கும் கிடைப்பது ஐந்து வருஷ அனுமதி. ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற இடத்துக்கு மட்டும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 32,000 டாலர் வைப்பு என்று குறைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த இடத்திலேயே வீடு வாங்கியாக வேண்டும். அது பெரிய நகரமாகத் திட்டமிட்டு ஆரம்பித்து, எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் குடிவராத ஊர். தமிழ் பேசி வாழ ஆசைப்படுகிற உங்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இலங்கையில் 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவருக்கென்று ஒரு விசா உண்டு. 15,000 டாலர் வைப்பு, அது உங்களால் முடியும். ஆனால் மாதாமாதம் 1,500 டாலர் வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும், துணைவருக்கு இன்னொரு 750. உங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 2 லட்சத்துக்கு மேல். பென்ஷனைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். அந்தப் பணம் இருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. 2022-ல் அந்த நாடு பட்ட பாட்டை நாம் பேப்பரில் படித்தவர்கள் இல்லை, நேரில் பார்த்தவர்கள். அந்த வருஷம் மார்ச் மாதத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் மணல் திட்டுகளில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்து இறங்கின, மண்டபம் அகதி முகாமுக்குக் கூட்டி வந்தார்கள். டாலருக்கு 200 ரூபாயாக இருந்த அவர்கள் பணம் சில வாரங்களில் 350-ஐத் தாண்டியது. மருந்துக்கும் பெட்ரோலுக்கும் வரிசை. ஒரு நாடு மலிவாக இருக்கிறது என்றால் ஏன் மலிவாக இருக்கிறது என்றும் கேட்டுவிட வேண்டும். எழுபது வயதில் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கும் மலிவு நமக்கு வேண்டாம்.

ரூபாய் பென்ஷனை வைத்துக்கொண்டு விசா தொல்லையே இல்லாமல் போய் இருக்கக்கூடிய நாடு நேபாளம். 1950 ஒப்பந்தப்படி இந்தியர் அங்கே விசா இல்லாமல் தங்கலாம், நம் ஒரு ரூபாய்க்கு அவர்களின் 1 ரூபாய் 60 காசு என்று கட்டி வைத்திருப்பதால் நாணயம் நம்மைக் கவிழ்க்காது. நிலம் வாங்க முடியாது, வாடகைக்கு இருக்கலாம். ஆனால் உச்சிப்புளிக் காற்றில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்குமா, இதயத்தில் ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வரி விஷயத்தை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தியாவில் வருஷத்துக்கு 182 நாள் இருந்தால் வரிக்கணக்கில் நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர். உங்கள் பென்ஷனும் வைப்பு வட்டியும் சேர்த்தாலும் 12 லட்சத்துக்குள்தான் வரும், புதிய வரி முறையில் அதுவரைக்கும் தள்ளுபடி உண்டு, உங்களுக்கு வரி பூஜ்யம். இதே வருமானத்தோடு நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டால் அந்த 12 லட்சத் தள்ளுபடி கிடையாது, அது இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். வட்டி 7 சதவீதம் என்று வைத்து நான் போட்ட கணக்கில் உங்களுக்கு வருஷம் ஏறக்குறைய 30,000 ரூபாய் வரி வருகிறது. சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்வார்கள், அதில் வரும் வட்டியில் 31.2 சதவீதத்தை வங்கி முதலிலேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் ரிட்டர்ன் போட்டு மிச்சத்தைத் திரும்ப வாங்க வேண்டும். இங்கிருக்கும்போதே மொத்தமாகப் பணம் அனுப்பினால், வருஷத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் முன்வரி பிடிப்பார்கள். அதுவும் ரிட்டர்னில் சரிக்கட்டக்கூடியதுதான், ஆனால் அதுவரைக்கும் உங்கள் பணம் உங்கள் கையில் இல்லை.

அப்புறம் நேர்காணல், பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டுவது. நான் கவுண்ட்டரில் இருந்தபோது பார்த்தது இது. ஓய்வுபெற்ற ஒருவர் மகளோடு இருக்கிறேன் என்று மலேசியா போனார். உயிர்வாழ் சான்று அனுப்பவில்லை, பென்ஷன் நின்றது. சரி, இருக்கிற பணத்தை எடுக்கலாம் என்றால் ஓ.டி.பி. போகும் சிம் கார்டு ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போய், அந்த நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அவர் கவுண்ட்டருக்கு முன்னால் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்புக், ரேஷன் கார்டு, பணியில் சேர்ந்த காலத்து அடையாள அட்டை, நான்தான் நான் என்று காட்ட என்னென்ன உண்டோ அத்தனையும். மகள் வீட்டில் செலவுக்குக் கை நீட்ட வேண்டியதாகிவிட்டது தம்பி என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சான்றை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம், ஜீவன் பிரமாண் செயலியிலும் கொடுக்கலாம். மூன்று மாதம் போனாலும் முப்பது மாதம் போனாலும் நம் ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

அதனால் என் யோசனை இது. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நம்மவர்கள் 30 நாள் விசா இல்லாமல் போய் வரலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது. உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் தம்பி ஊரில் ஒரு மாதம் இருங்கள். தம்பி வீட்டில் தங்காதீர்கள், தனியாக அறை எடுத்து, நீங்களே மார்க்கெட் போய், சமைத்து, ஒரு டாக்டரையும் போய்ப் பார்த்து, எல்லாச் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் அங்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உள்ளூர்க்காரர் கட்டும் சலுகைக் கட்டணம் கிடையாது, உங்கள் பென்ஷனர் காப்பீட்டு அட்டைக்கும் அங்கே வேலை இல்லை. வருஷத்துக்கு ஒரு மாதம் தம்பியோடு, மீதி நாள் உங்கள் வேப்ப மரத்தடியில். இதற்கு உங்கள் பென்ஷன் தாராளமாகப் போதும்.

கேள்வி: பெயர், தெரு எதுவும் வேண்டாம். பட்டணம்காத்தான் என்று மட்டும் போடுங்கள். என் கணவர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வியட்நாமில் போய் செட்டில் ஆகிவிடலாம் என்கிறார். வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்கிறார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. எனக்குப் போக விருப்பமில்லை. நான் சொன்னால் எடுபடவில்லை.

பதில்: தங்கச்சி, கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டுப் பெயரில் இருக்கும் வீட்டை நீங்கள் கையெழுத்திடாமல் முழுசாக விற்க முடியாது. நீங்கள் சொல்லி எடுபடாவிட்டால் இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வையுங்கள், மீதியை அவரிடம் நானே சொல்கிறேன்.

ஐயா, வியட்நாமில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று விசாவே கிடையாது. இணைய விசா 90 நாளைக்குத் தருகிறார்கள். முடிந்ததும் வெளியே வந்து மறுபடி வாங்கி உள்ளே போக வேண்டும். வீடியோ போடும் இளைஞருக்கு அது பயணம், உங்களுக்கு வருஷத்துக்கு நான்கு முறை மூட்டை கட்டும் வேலை. ஏதாவது ஒருமுறை தர மாட்டோம் என்று சொல்லிவிட்டால் திரும்பி வருவதற்கு உங்களுக்கு இங்கே வீடு இருக்காது.

அதைவிட முக்கியமாக ஒன்று. நீங்கள் இருவரும் ஒரே நாளில் போய்ச் சேரப் போவதில்லை. முதலில் போவது நீங்கள் என்றால், மொழி தெரியாத ஊரில், உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கோடும் வாடகை ஒப்பந்தத்தோடும், உங்கள் உடலை ஊருக்குக் கொண்டுவரும் காகிதங்களோடும் உங்கள் மனைவி தனியாக நிற்பார். எந்த நாட்டைப் பற்றி யோசித்தாலும் அந்த ஒரு நாளை முதலில் யோசியுங்கள். சுற்றிப் பார்க்க ஆசை என்றால் இரண்டு பேரும் போய் மூன்று வாரம் பார்த்துவிட்டு வாருங்கள், அழகான நாடு.

கேள்வி: கீழக்கரை. 27 வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு 58 வயதில் ஊர் வந்திருக்கிறேன். பென்ஷன் கிடையாது, கையில் 45 லட்சம். வீடு மனைவி பெயரில், அதுவும் சின்ன மகளுக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. மருமகன், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள், எனக்கென்று ஒரு அறை இல்லை. பாங்காக்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்யும் கூட்டாளி அங்கே வரச் சொல்கிறார். சர்க்கரை உண்டு. போகலாமா? (கடிதம் நீளம், சுருக்கியிருக்கிறேன்.)

பதில்: பாய், உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் பாங்காக் என்று இரண்டு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். 'எனக்கென்று ஒரு அறை' என்பதை நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

தாய்லாந்தில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓய்வு விசா உண்டு, அது உண்மை. வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். பாட் இரண்டே முக்கால் ரூபாய் என்றால் 22 லட்சம் வைப்பு, உங்கள் கையிருப்பில் ஏறக்குறைய பாதி அப்படியே கட்டிப்போடப்படும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை எங்கே இருக்கிறோம் என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விசாவில் வேலை செய்யக்கூடாது. கூட்டாளியின் கடையில் சும்மா உட்கார்ந்து கல்லைப் பிரித்துக் கொடுத்தால்கூட வேலைதான், பிடிபட்டால் அவருக்கும் சேர்த்துத் தொல்லை. ஓய்வு விசாவில் ஒரு வகைக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், சர்க்கரை இருக்கிறவருக்கு அந்த பிரீமியம் எவ்வளவு வரும் என்று முதலில் கேளுங்கள். நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடியில் வெளிநாட்டவருக்கு ஒதுக்கிய 49 சதவீதத்துக்குள் ஒரு வீடு வாங்கலாம். வருஷத்தில் 180 நாள் அங்கே இருந்தால், வெளியிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு 2024-லிருந்து அவர்களும் வரி கேட்கிறார்கள். உங்களுக்கு மாத வருமானமே இல்லாதபோது, மீதி இருக்கும் 23 லட்சத்தை மாதம் 50,000 என்று எடுத்தால் நான்கு வருஷத்துக்குக்கூட வராது. அப்போது உங்களுக்கு 62 வயதுகூட ஆகியிருக்காது. வேண்டாம் பாய்.

இப்போது அறை. நம் கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு என்பது நல்ல வழக்கம், அதனால் எத்தனையோ பெண்கள் தலைக்கு மேல் கூரையோடு இருக்கிறார்கள். ஆனால் சபுராளியாகவே, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவராகவே, வாழ்க்கையைக் கழித்தவர் திரும்பி வரும்போது அவருக்கு என்ன இடம் என்று யாரும் யோசித்து வைப்பதில்லை. 27 வருஷத்தில் எத்தனை மாதம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்திருப்பீர்கள்? வீடு உங்களை விருந்தாளியாகவே பழகிவிட்டது, அதில் யார் தப்பும் இல்லை. 45 லட்சத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஊருக்குள்ளேயே, பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரத்தில், இரண்டு அறை வீட்டை உங்கள் இருவர் பெயரிலும் வாங்குங்கள் அல்லது ஒத்திக்குப் பிடியுங்கள். முதலில் மனைவியிடம் பேசுங்கள், அவருக்கும் அந்தச் சத்தத்திலிருந்து தள்ளி இருக்க ஆசை இருக்கலாம், கேட்காமல் நமக்குத் தெரியாது. மீதிப் பணத்துக்கு வட்டி வேண்டாம் என்று நினைப்பவராக இருந்தால் கடைவாடகை வருகிற மாதிரி ஒரு சின்ன இடம் பாருங்கள். வட்டியில் ஆட்சேபம் இல்லை என்றால் 60 முடிந்ததும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், இப்போது 8.2 சதவீதம், 20 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 41,000 வரும். இன்னொரு வேலையை இந்த மாதமே முடித்துவிடுங்கள். நிரந்தரமாகத் திரும்பிவிட்டதை வங்கியில் சொல்லி, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைத்த என்.ஆர்.இ. கணக்கை மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணமாகவே கொஞ்சம் வைத்திருக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. கணக்கு என்று ஒன்று உண்டு, கேட்டு வாங்குங்கள், பல கிளைகளில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: சிங்கப்பூர்க் குடிமகன் நான், வயது 63. அப்பா தொண்டியிலிருந்து வந்தவர். இங்கே செலவு தாங்கவில்லை. தேவிபட்டினம் – தொண்டிப் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி இடம் வாங்கி வீடு கட்டி ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஆசை. முடியுமா?

பதில்: வாருங்கள் அண்ணே. இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே கணக்கு உதைக்காமல் சரியாக நிற்பது உங்களுடையதுதான், ஏனென்றால் உங்கள் வருமானம் பலமான பணத்தில், செலவு ரூபாயில். 65 வயதில் உங்கள் சி.பி.எஃப். லைஃப் என்ற சிங்கப்பூர் ஓய்வூதியத் திட்டத்தின் மாதத் தொகை வர ஆரம்பித்தால் அது 1,000 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தாலே இங்கே ஒரு தம்பதி மரியாதையாக வாழலாம்.

முதல் வேலை ஓ.சி.ஐ. அட்டை, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது. அப்பா இந்தியக் குடிமகனாக இருந்தார் என்று காட்ட வேண்டும். அவருடைய பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, ஊரில் அவர் பெயரில் பட்டா, எதுவாவது தேடுங்கள், கிடைப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும், அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். அட்டை வந்தால் வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் இருக்கலாம், போலீஸ் பதிவும் தேவையில்லை. ஓட்டுரிமை கிடையாது, அது குடியுரிமை அல்ல. உங்கள் சிங்கப்பூர்க் குடியுரிமை அப்படியே இருக்கும்.

இடம் வாங்குவதில்தான் பயமாக இருக்கிறது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் வீடு, மனை வாங்கலாம், விவசாய நிலமும் தோப்பும் வாங்கக்கூடாது. நம் கரையில் கடலைப் பார்த்த மாதிரி மலிவாக வருவது பெரும்பாலும் புன்செய்யும் பனங்காடும்தான். "எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் சார்" என்று தரகர் சொல்வார், முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முறையாக அங்கீகாரம் வாங்கிய மனையா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று சுத்தமா, தேவஸ்தானத்துக்கோ வக்ஃபுக்கோ சேர்ந்த இடமா என்று பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகள் தனி. பல கிராமங்களில் அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது. கடலைப் பார்த்த ஜன்னல் என்ற ஆசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

உள்ளே தள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டினார். மூன்றாம் வருஷம் ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்தால் துரு பொடியாக உதிர்ந்தது. குளியலறைக் குழாயின் வாயில் உப்பு வெள்ளையாகப் பூத்து, தண்ணீர் ஒரு பக்கமாகச் சிதறி வரும், கெய்சர் காயில் இரண்டு தடவை போனது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்க, சமைக்க எல்லாம் காவிரி கூட்டுக் குடிநீரும் தண்ணீர் வண்டியும்தான். மனை பார்க்கப் போகும்போது கடலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள், எந்த நாளில் குழாயில் வருகிறது என்று அந்த வீட்டு அம்மாவைக் கேளுங்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை, கார்த்திகை மழையில் ஒருமுறை வந்து இருந்து பாருங்கள்.

ஆஸ்பத்திரி முன்பு போல் இல்லை, இராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் மதுரைதான், இராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், தொண்டிப் பக்கமிருந்து காரில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர் என்றால் தேவிபட்டினத்தைவிட இராமநாதபுரம் டவுனுக்குள் வீடு பார்ப்பது நல்லது, கடல் எங்கேயும் போகாது, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் மெடிசேவ் என்ற சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புப் பணத்தை இங்கே வழக்கமான வைத்தியத்துக்கு எடுக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். வரியில் ஒரு நல்ல செய்தி. இத்தனை வருஷம் வெளியே இருந்துவிட்டு வருகிறவருக்கு முதல் இரண்டு வருஷமாவது வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராது, அதற்குள் ஒரு ஆடிட்டரைப் பிடித்துவிடுங்கள்.

சில சின்னக் கேள்விகள்:

பனைக்குளம் வாசகர்: வெளிநாட்டில் குடியேறினால் என் பெயரில் இருக்கும் தென்னந்தோப்பு போய்விடுமா?

போகாது. இங்கே இருந்தபோது வாங்கியதையும் பரம்பரையாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. போகும் முன் பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தம்பிக்கு பவர் கொடுத்தால் விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காமல் பராமரிக்க மட்டும் கொடுங்கள், தம்பி மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை, தம்பிக்கும் அதுதான் பாதுகாப்பு.

தங்கச்சிமடம் வாசகி: வெளிநாட்டில் குடியேறினால் பி.பி.எஃப். (பொது சேமநல நிதி) கணக்கை என்ன செய்வது?

முதிர்வு வரைக்கும் நடத்தலாம். வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபிறகு புதிதாகத் தொடங்கவோ, முதிர்ந்ததை நீட்டிக்கவோ முடியாது.

பாம்பன் வாசகர், வயது 78: நான் வெளிநாட்டில் குடியேறக் கேட்கவில்லை தம்பி. என் தங்கச்சியை மன்னார்ப் பக்கம் கட்டிக் கொடுத்தது. சாகும் முன் ஒரு மாதம் அவள் வீட்டில் இருந்துவிட்டு வர வேண்டும். தலைமன்னாருக்குக் கப்பல் மறுபடி எப்போது?

ஐயா, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். 1914-லிருந்து அந்த வழியில் கப்பல் ஓடியதும், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனதும், அப்புறம் இராமேஸ்வரத்திலிருந்து 80-களின் முற்பகுதி வரை ஓடி நின்றதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த வழியில் இப்போது கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் சேவை தொடங்கினார்கள், ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். மாசி, பங்குனியில் கிளம்புங்கள். காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் வந்தால் அங்கிருந்து மன்னாருக்குப் பஸ் உண்டு. அலைச்சல் முடியாது என்றால் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போய், தங்கச்சி பிள்ளைகளில் யாரையாவது அங்கே வந்து நிற்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு இணையத்திலேயே விசா அனுமதி எடுக்கலாம், பேரனிடம் சொன்னால் எடுத்துத் தருவான். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும், அலமாரியிலிருந்து எடுத்து இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.